உழக்கு நெய்யும் உலகளந்த அடியும்

மாவலிச் சக்கரவர்த்தியின் வேள்விச் சாலைக்குக் குள்ள வடிவில் எழுந்தருளிய வாமன மூர்த்தி வேண்டியது மூன்றடி மண். அதையும் தம் திருவடியால் அளந்து தரவேண்டும் என்றார். மாவலி அந்தச் சின்னஞ்சிறு பாதங்களைப் பார்த்தான்; மூவுலகும் ஆளும் தன்னிடம் வந்து இவ்வளவு சிறிதாகக் கேட்கிறாரே என்று வியந்தான். சுக்கிராசாரியார் தடுத்தும் கேளாமல் நீர் வார்த்துக் கொடுத்தான். அடுத்த கணம் அந்தப் பாதம் ஓங்கி வளர்ந்தது. ஓரடியில் மண்ணும், ஓரடியில் விண்ணும் அடங்கின. மூன்றாம் அடிக்கு இடமின்றித் தன் தலையையே தாழ்த்திக் கொடுத்து மாவலி அழியாப் புகழ் பெற்றான்.

காஞ்சிபுரத்திலும் திருக்கோவலூரிலும் உலகளந்த பெருமாளாக நாம் சேவிக்கும் இந்தத் திருக்கோலத்தில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. மூன்று என்ற எண் கடைசிவரை மாறவேயில்லை. மாறியது அடி என்ற அலகு. எண் பாதி, அலகு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அளவு. இன்று பள்ளியில் அறிவியல் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கப்படுவதும் இதுவே. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் பாடத்திற்கு ‘அளவீடுகள்’ என்றே பெயர். பேரனோ பேத்தியோ அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு நம் அருகில் வந்து அமரும்போது, ‘இது எனக்குத் தெரியாத படிப்பு’ என்று ஒதுங்க வேண்டியதில்லை. திருக்கோயிலை அறிந்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று.

பூக்கடை முழம்

கோயில் வாசலில் பூத் தொடுப்பவரிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்குகிறோம். அவர் தம் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளந்து கொடுக்கிறார். நெடிய கையுடையவர் அளந்தால் சரம் நீளும். குட்டையான கையுடையவர் அளந்தால் குறையும். விலை இரண்டுக்கும் ஒன்றே. சாண், முழம், அடி ஆகிய நம் பழைய அளவுகள் யாவும் உடலிலிருந்து பிறந்தவை. பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். எவரும் எங்கும் கையோடு கொண்டு செல்லக்கூடிய அளவுகோல் இது. ஆனால் ஆளுக்கு ஆள் மாறுவது.

தாத்தாவும் பேரனும் ஒரே மேசையைச் சாணால் அளந்து பார்க்கட்டும். தாத்தாவுக்கு ஆறு சாண் வருமென்றால் பேரனுக்கு எட்டோ ஒன்பதோ வரும். மேசை ஒன்றுதான், கணக்கு இரண்டு. எல்லோரும் ஒப்புக்கொண்ட மாறாத அலகு ஒன்று வேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் குழந்தைக்கு விளக்க முடியாது. அப்படிப்பட்ட அலகைப் பாடநூல் ‘திட்ட அலகு’ என்கிறது.

உலக நாடுகள் இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் பன்னாட்டு அலகு முறையில் அடிப்படை அளவுகள் ஏழு. நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு விநாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர், வெப்பநிலைக்குக் கெல்வின், பொருளின் அளவுக்கு மோல், ஒளிச்செறிவுக்குக் கேண்டிலா. மற்ற அளவுகள் எல்லாம் இந்த ஏழிலிருந்து பெறப்படுபவை. அவற்றை ‘வழி அளவுகள்’ என்பர். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பரப்பளவு. அதனோடு உயரத்தையும் பெருக்கினால் கன அளவு. குழந்தைகள் இந்த ஏழையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். இவை ஏன் வேண்டும் என்பதை உணர்த்தத்தான் நம் துணை தேவைப்படுகிறது. அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோம்.

இறைவன் பெயரில் எடைக்கல்

மாமன்னன் முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சை இராசராசேச்சரத்தின் சுவர்களிலும் அடித்தளத்திலும் கல்வெட்டுகள் நெருக்கமாகப் பொறிக்கப்பட்டிருப்பதைத் தரிசிக்கச் சென்ற அனைவரும் கண்டிருப்போம். யார், எதை, எவ்வளவு கொடுத்தார் என்ற விவரங்கள் அவற்றில் நிறைந்துள்ளன. அந்த ‘எவ்வளவு’ என்பதில் காட்டப்பட்டிருக்கும் கவனம் நம்மைக் கைகூப்ப வைக்கிறது.

பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுத்த கல்லுக்குத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்று பெயர். இரண்டும் அக்கோயில் இறைவனின் திருநாமங்கள். நெல் அளந்த மரக்காலும் ‘ஆடவல்லான்’ என்றே அழைக்கப்பட்டது. அது ‘இராசகேசரி’ என்ற மரக்காலுக்குச் சமம் என்ற விளக்கமும் கல்லில் உண்டு. எந்தக் கல்லால் நிறுத்தது, எந்த மரக்காலால் அளந்தது என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதிவைப்பது அக்காலத்தவருக்குப் போதவில்லை.

விமானத்தின் உச்சியில் வைக்க மன்னன் அளித்த செப்புக் குடத்துக்குப் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு என்று குறித்திருக்கிறார்கள். கழஞ்சு என்பது சுமார் ஐந்து கிராம். இவ்வளவு பெரிய கொடையில் அந்த அரைக் கழஞ்சையும் விட்டுவிடவில்லை. கழஞ்சுக்குக் கீழே மஞ்சாடி, குன்றி என்ற சிற்றளவுகள் உண்டு. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சிவப்பும் கருப்புமான குன்றிமணியைக் கொண்டு பொற்கொல்லர் நகை நிறுத்ததை நம் இல்லங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

அணிகலன்களை நிறுத்தபோது கோத்த சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கிவிட்டு நிறுத்ததாகவும், அரக்கு முதலியவற்றைச் சேர்த்து நிறுத்ததாகவும் கல்வெட்டுகள் பிரித்துச் சொல்கின்றன. இன்று நகைக்கடையில் ‘கல் நீக்கி எவ்வளவு?’ என்று நாம் கேட்பதும், அறிவியல் ஆய்வகத்தில் ‘கலத்தின் நிறையைக் கழித்தாயா?’ என்று ஆசிரியர் கேட்பதும் இதே கேள்விதான். எதை அளந்தோம், எதை விலக்கினோம் என்று சொன்னால்தான் அளவீடு முழுமை பெறும். செப்புத் திருமேனிகளின் உயரமும் முழம், விரல், அதனினும் சிறிய தோரை என்று பதிவாகியிருக்கிறது. கோயிலில் வைத்துக் காக்கப்பட்ட முழக்கோலே அதற்குப் பயன்பட்டது. பூத் தொடுப்பவரின் கை முழத்துக்கும் இந்த முழத்துக்கும் உள்ள வேறுபாடே திட்ட அலகு.

நிலத்துக்கும் இப்படிப்பட்ட பொதுக்கோல் இருந்தது. பல கோயில்களின் சுவரில் இரு முனைகளிலும் குறியிட்ட நீண்ட கோடு ஒன்றைக் காணலாம். ஊரில் நிலம் அளந்த கோலின் நீளத்தைக் கல்லில் பதித்து வைத்த அடையாளம் அது. கோல் தேய்ந்தாலும், எவரேனும் குறைத்தாலும், கோயிலுக்கு வந்து கோட்டோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சோழர் கால நிலமளந்த கோல் ஒன்றின் பெயரோ ‘உலகளந்த கோல்’. ஈரடியால் உலகளந்த பெருமானின் பெயரை, ஏழை உழவனின் கால் காணி நிலத்தை அளக்கும் கோலுக்கு இட்டிருக்கிறார்கள்.

ஓர் உழக்கு குறைந்தால்

அளவுக்கு இத்தனை பாதுகாப்பு ஏன்? நுந்தா விளக்கைப் பாருங்கள், விளங்கும்.

சோழர் காலத்தில் இறைவன் திருமுன் அல்லும் பகலும் அணையாமல் எரியும் விளக்குக்கு அறக்கொடை அளித்தவர்கள் ஏராளம். அரசியர், அதிகாரிகள், வணிகர், படைவீரர் என்று பலரும் உண்டு. போரில் மாண்ட உறவினரின் நினைவாக விளக்கு வைத்தவர்களும் உண்டு. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று அவற்றைக் கல்வெட்டு குறிக்கும். மந்தையில் இறப்பதைப் பிறப்பது ஈடுசெய்ய, எண்ணிக்கை என்றும் குறையாது நிற்கவேண்டும் என்பது கருத்து. அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. பேரப்பிள்ளையைக்கொண்டே போடச் சொல்லலாம். நான்கு உழக்கு ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால். ஆகவே ஒரு மரக்காலில் 32 உழக்கு. நாளொன்றுக்கு ஓர் உழக்கு வீதம், ஒரு மரக்கால் நெய் 32 நாள் விளக்கெரிக்கும்.

அந்த உழக்குக் கிண்ணம் பத்தில் ஒரு பங்கு சிறியதாகச் செய்யப்பட்டிருந்தால் என்ன ஆகும்? பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அளப்பவரும் ‘ஓர் உழக்கு’ என்பார். கணக்கரும் ‘ஓர் உழக்கு’ என்று எழுதிக்கொள்வார். எண் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு நாளுக்கு 60 நாழிகை. பத்தில் ஒரு பங்கு நெய் குறைந்தால் 6 நாழிகை எரிய நெய் இல்லை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆறு நாழிகை 2 மணி 24 நிமிடம். சூரியோதயத்தில் நெய் வார்க்கிறார்கள் என்று கொண்டால், மறுநாள் திருப்பள்ளியெழுச்சிக்கு முந்தைய அந்த நேரம் முழுவதும் கருவறை இருளில் இருக்கும். மாண்ட மகனுக்காக ஒரு தாய் வைத்த விளக்கு நாள்தோறும் அணையும். அவளுக்கு அது தெரியவும் வராது.

அதனால்தான் அந்த மரக்காலுக்கும் கல்லுக்கும் இறைவன் பெயரைச் சூட்டினார்கள் என்று கொள்ளத் தோன்றுகிறது. ஆடவல்லான் பெயர் தாங்கிய அளவில் கைவைக்க எவருக்கும் மனம் துணியாது. கொடுத்தவர், வாங்கியவர், கணக்கெழுதியவர் மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவராக இருந்தாலும், மூவருக்கும் பொதுவாக ஒரு சாட்சி இருந்தது. நித்திய பூசைக்கும் நைவேத்தியத்துக்கும் உரிய அளவுத் திட்டத்தை இன்றும் நாம் ‘படித்தரம்’ என்றே சொல்கிறோம்.

அளக்கும் முறையும் அளவைப் போலவே முக்கியம். களத்தில் நெல் அளந்ததைப் பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள். தலை தட்டி அளப்பது ஒன்று. கோபுரமாகக் குவித்து அளப்பது வேறு. மரக்கால் ஒன்றேயானாலும் நெல் ஒன்றன்று. பிள்ளைகளின் பாடநூலிலும், அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் ‘இடமாறு தோற்றப் பிழை’ நேரும், கண்ணை நேர் மேலே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கருவி செம்மையாக இருந்தாலும், அளக்கும் கையும் கண்ணும் நேர்மையாக நிற்கவேண்டும்.

நாழிகையும் விநாடியும்

காலத்தை அளப்பதில் நம் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் நாம். 60 விநாழிகை ஒரு நாழிகை. 60 நாழிகை ஒரு நாள். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். மூன்றே முக்கால் நாழிகை ஒன்றரை மணி நேரம். இராகு காலம் அவ்வளவே. இந்த எண்களைக் கொண்டே பேரனுக்கு அலகு மாற்றக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு விநாழிகைக்கு எத்தனை விநாடி என்று கேட்டுப் பாருங்கள். 24 என்று அவன் கண்டுபிடித்துச் சொல்லும்போது அவன் முகத்தில் வரும் மகிழ்ச்சி தனி.

கடிகாரம் இல்லாத நாளில் நாழிகை வட்டில் இருந்தது. அடியில் நுண்துளை உள்ள சிறு கிண்ணத்தை நீர் நிறைந்த பாத்திரத்தில் மிதக்க விடுவார்கள். நீர் சிறிது சிறிதாக ஏறி, கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே எடுத்து நீரைக் கொட்டி மறுபடி மிதக்க விடவேண்டும். இன்று அறிஞர்கள் ஒரு விநாடியை வரையறுக்கச் சீசியம் என்னும் அணு வெளியிடும் கதிர்வீச்சின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகளை எண்ணுகிறார்கள். தவறாமல் திரும்பத் திரும்ப நிகழும் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை எண்ணு. அதுவே காலத்தை அளக்கும் வழி. வட்டிலுக்கும் அணுவுக்கும் அந்த வழி பொதுவானது.

துலாபாரத் தட்டில் ஒரு பாடம்

நிறையும் எடையும் ஒன்றா, வேறா என்ற கேள்வியில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். குருவாயூர் சென்று குழந்தைக்குத் துலாபாரம் கொடுத்தவர்கள் இதை எளிதாக விளக்கலாம். ஒரு தட்டில் குழந்தை. மறு தட்டில் வெல்லமோ வாழைப்பழமோ. இரண்டும் சமமாக நிற்கும்போது இரு பக்கத்துப் பொருளும் சம அளவு என்று அறிகிறோம். பொருளில் அடங்கிய இந்த அளவே நிறை. அதன் அலகு கிலோகிராம். பூமி அந்தப் பொருளைத் தன்பால் இழுக்கும் விசையே எடை. அதன் அலகு நியூட்டன்.

இதே துலாபாரத்தைச் சந்திரனில் நடத்தினால் என்ன ஆகும்? அங்கே ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. குழந்தையின் எடை குறையும். வெல்லத்தின் எடையும் அதே விகிதத்தில் குறையும். தட்டுகள் சமமாகவே நிற்கும். கொடுக்கவேண்டிய வெல்லத்தில் ஒரு கட்டிகூடக் குறையாது! வில் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தால் மட்டும் ஆறில் ஒரு பங்கே காட்டும். நேர்த்திக்கடனைச் செலுத்தத் தட்டுத் தராசே நம்பகமானது. ‘நிறை’ என்ற இந்தச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் பயின்று வருவதே. இராசராசனும் தம் 29-ஆம் ஆட்சியாண்டில் திருவிசலூரில் துலாபாரம் புகுந்ததாகக் கல்வெட்டுச் செய்தி உண்டு.

தேயாத கல் எங்கே?

நம் முன்னோர் கோயிலில் வைத்துக் காத்ததைப் போலவே மேலை நாட்டாரும் தங்கள் திட்ட அளவைப் பெட்டகத்தில் வைத்துக் காத்தனர். 1889-இல் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உலோக உருளையே உலகத்தின் கிலோகிராம் என்று ஏற்கப்பட்டது. பாரிஸ் நகரை அடுத்த செவ்ரு என்ற ஊரில் அது வைக்கப்பட்டது. அந்தப் பெட்டகத்தைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும். அதன் படிகள் பல நாடுகளுக்கு அளிக்கப்பட்டன. 57-ஆம் எண் கொண்ட படி புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறியிருந்த நிலையை 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் மாற்றத் தொடங்கியது. 1957 ஏப்ரல் 1 அன்று அணாவுக்கு விடைகொடுத்து நயா பைசா வந்ததும், அதன்பின் வீசையும் சேரும் போய்க் கிலோ வந்ததும் எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் அத்தனை காவலிலிருந்த பாரிஸ் உருளைக்கும் குறை நேர்ந்தது. நூறு ஆண்டுகளில் அதற்கும் அதன் படிகளுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியிருந்தது. ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் அது. எனினும் உருளை தேய்ந்ததா, படிகள் கூடினவா என்று சொல்ல வழியில்லை. அளந்து பார்க்கும் கல்லே அதுதானே! மனிதன் செய்த பொருள் எதுவானாலும் ஒருநாள் தேயும் என்று உணர்ந்து, 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இயற்கையில் என்றும் மாறாத பிளாங்க் மாறிலியைக் கொண்டு இப்போது கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. மீட்டரும் 1983 முதல் அப்படித்தான். ஒளி ஒரு விநாடியில் செல்லும் தொலைவில் 29 கோடியே 97 லட்சத்து 92 ஆயிரத்து 458-இல் ஒரு பங்கே ஒரு மீட்டர்.

எல்லாம் நம் ஏடுகளில் முன்பே இருந்தது என்று பிள்ளைகளிடம் மிகைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை. அணுவும் மாறிலியும் இக்கால அறிஞர்களின் உழைப்பால் கிடைத்தவை. அந்தப் பெருமை அவர்களுக்கே. நம் முன்னோர் மெய்யாகவே செய்ததைச் சொன்னாலே போதும். மனிதர் மாறுவர், மன்னர் மாறுவர், கையும் கோலும் மாறும். மாறாத ஒன்றின் பெயரில் அளவை வைத்தால்தான் எல்லோருக்கும் நீதி கிடைக்கும் என்று அவர்கள் கருதினார்கள். ஆடவல்லான் என்று கல்லுக்குப் பெயரிட்ட கையும், ஒளியின் வேகத்தில் மீட்டரைத் தேடிய அறிவும் வேண்டியது மாறாமையைத்தான்.

அடுத்த முறை தஞ்சைக்குச் செல்லும்போது பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பெருவுடையாரைத் தரிசித்தபின், அவசரமின்றிச் சுவரோரம் நடந்து, கல்லில் வரிவரியாக நிற்கும் எழுத்துகளைக் காட்டுங்கள். அவற்றில் கழஞ்சும் மஞ்சாடியும், நாழியும் உழக்கும் இருக்கின்றன என்று சொல்லுங்கள். ஊர்க் கோயில் மதிலில் நிலமளந்த கோலின் கோடு தென்பட்டால், அதைத் தொட்டுப் பார்க்கட்டும். தங்கள் சாணால் எத்தனை வருகிறதென்று எண்ணட்டும். மறுநாள் வகுப்பில் ‘அலகு என்றால் என்ன?’ என்று ஆசிரியர் கேட்கும்போது அந்தக் கோடு அவர்கள் கண்முன் நிற்கும்.

பிறகு வீட்டுப் பூசையறையில் விளக்கேற்றும்போது எண்ணெயை ஒரு சிறு கரண்டியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். இத்தனை கரண்டிக்கு இத்தனை மணி நேரம் என்று அவர்களே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். நிறைய அளந்து ஊற்றிய விளக்கு விடியும்வரை நின்றெரியும்.